எங்கள் கடையின் பொய் சொல்லாத ஆள்

எங்கள் முதலாளிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை அவரே பெருமையாகச் சொல்லுவார். சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் கட்டிய எலுமிச்சம்பழம் வாடியிருப்பது கண்ணில் பட்டுவிட்டால், இதைக்கூட மாற்றத் தெரியாதா என்று எங்கள் மேல் பாய்வார். அமாவாசைக்கு அமாவாசை கடை வாசலில் பூசணிக்காய் உடையும். ஆயுத பூஜையன்று பில் போடுகிற கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவருடைய சொந்தக் கை. ஒரு தடவை கேட்டே விட்டேன், சாமி இல்லை என்கிறீர்களே, பிறகு இதெல்லாம் எதற்கு என்று. "இது சாமி இல்லப்பா, கல்ச்சரு" என்றார். நம்புகிறவன் செய்கிற அத்தனையும் செய்துவிட்டு நம்புவதை மட்டும் விட்டுவிடுவதற்கு அவர் கண்டுபிடித்து வைத்திருந்த பெயர் அது. கரும்புச் சாற்றைக் கீழே ஊற்றிவிட்டுச் சக்கையை வீட்டுக்கு எடுத்துப் போகிற புத்திசாலிகள் எங்கள் ஊரில் நிறைய. அதில் இவர் மொத்த வியாபாரி.

ஆரணியில் பட்டுப்புடவைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில் நான் சேல்ஸ்மேன். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டுவது வேலை. கலர் எடுப்பாக இருக்குமா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் எழுந்து நின்று முந்தியை என் தோளிலேயே போட்டுக் காட்டுவேன். மீசை வைத்த ஐம்பது வயது ஆம்பளை அரக்கு கலர் புடவையில் நிற்கும்போது யாரும் சிரிப்பதில்லை. கல்யாணப் பெண்ணை என் இடத்தில் வைத்துப் பார்க்கிற கற்பனை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு உண்டு. அந்தக் கற்பனையில் நூறில் ஒரு பங்கை ஆண்டவரை நினைக்கச் செலவழித்திருந்தால் இந்த ஊர் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

இந்தத் தொழிலில் புடவையைவிட அதிகமாகப் புரளுவது சத்தியம். சாமி சத்தியமாக இது கட்டுப்படியாகாதும்மா, என் பிள்ளைகள் மேல் ஆணையாக இதுதான் கடைசிப் பீஸ், தாயாணை இது கைத்தறி. என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் தன் தாயார் தலையில் அடிக்காத நாளே கிடையாது. அந்த அம்மாள் இன்னும் திடமாக இருக்கிறார்கள், முட்டைக்கோஸ் விலைக்குச் சண்டை போடுகிறார்கள். சத்தியம் பலிக்காது என்பதற்கு எங்கள் ஊரில் இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்குச் சத்தியம் பண்ணுவது ஆகாது. ஆமாம் என்றால் ஆமாம், இல்லையென்றால் இல்லை, அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் சோற்றோடு ஊட்டி வளர்த்த பாடம். என் அப்பா அதிலேயே வாழ்ந்து அதிலேயே செத்தார். என்னிடம் நிலம் இல்லை, நகை இல்லை. என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றுதான், வாயிலிருந்து பொய் வராது என்பது. வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட்டேன், சத்தியம் பண்ண மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப வியாபாரம் பண்றதுக்கு எதுக்கு வந்த, சர்ச்சுல மணி அடிக்கப் போயேன்" என்றார். ஆனால் ஆள் கிடைக்காத முகூர்த்த மாதம் அது. சேர்த்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து வேலூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தார்கள். சொந்தக்காரர்களோடு கூட்டமாக வந்து கடையையே புரட்டிப் போட்டுவிட்டு, இது சுத்தப் பட்டுதான் என்று உங்கள் சாமி மேல் சத்தியம் செய்யுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். எங்களுக்கு அது கூடாதும்மா, இருப்பதைச் சொல்கிறேன், இது பட்டு, அதோ அது கலப்பு என்று சொன்னேன். அந்த அம்மாள் நான் பட்டு என்று சொன்னதில் மூன்று புடவை எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியின் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் வந்தது. அவருக்கும் கடவுளுக்கும் நடுவே ஏதாவது நடந்திருந்தால் அது அந்த ஒரு நிமிடத்தில்தான் நடந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் சரக்கு. தயங்குகிற வாடிக்கையாளரைக் கண்டால் முதலாளி என் பக்கம் கையைக் காட்டுவார். "நம்ப ஆளு கிறிஸ்டியனு. பொய் சொல்ல வராது அவருக்கு." சர்க்கரை வியாதிக்காரனுக்கு இனிப்பு ஆகாது என்று சொல்வதைப் போலச் சொல்வார். நான் பொய் சொல்லாதது என்னுடைய முடிவு, தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு எடுக்கிற முடிவு என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. என் உடம்பில் உள்ள ஒரு குறைபாடு, அதுவும் லாபம் தருகிற குறைபாடு என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் கவரிங்கில் ஒரு சிலுவை டாலர் வாங்கி வந்து, சட்டைக்கு வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொள் என்றார். நான் வாங்கவில்லை. அவர் அதை வீணாக்காமல் தன் பேத்திக்குக் கொடுத்துவிட்டார், டிசைன் நன்றாக இருக்கிறதாம்.

சின்ன வயதில் சபையில் எங்களைத் தயார்ப்படுத்தியதெல்லாம் வேறு மாதிரி. விசுவாசத்துக்காக அடிப்பார்கள், துரத்துவார்கள், வேலையை விட்டு நிறுத்துவார்கள், கலங்காதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை. என் விசுவாசத்தை ஷோகேஸில் வைத்து லைட் போட்டார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. கல்லால் அடித்திருந்தாலாவது நம்மை ஒரு பொருட்டாக மதிக்கிறான் என்று இருந்திருக்கும்.

அடுத்து முதலாளிக்கு இன்னொரு யோசனை வந்தது. பவர்லூமில் நெய்த புடவையைக் கைத்தறி என்று வேறொரு சேல்ஸ்மேன் சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். "நீ வாயே தொறக்க வேணாம். சும்மா நில்லு. நீ பேசாம நின்னா அதுவே போதும்" என்றார். வாயைத் திறக்காமலும் பொய் சொல்லலாம் என்பது சாமி இல்லை என்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் மாட்டேன் என்றேன். அதன் பிறகு பக்கத்து மெத்தையில் கைத்தறி என்ற சொல் கேட்டாலே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். முகூர்த்த நாட்களில் நான் குடித்த தண்ணீருக்கு வயிறு வீங்காமல் இருந்தது கர்த்தரின் கிருபை.

நம்பாதவர்களைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டு போனால் நியாயம் இல்லை. எங்கள் ஆட்களின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையில் பாதி எங்கள் கடைக்குத்தான் போகும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் முக்கால்வாசி. மறுநாள் போன் செய்து, நேற்று வந்தோமே, நீங்கள் இருந்தால் கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருப்பார்களே என்று குறைப்படுவார்கள். ஓய்வுநாளில் நான் கடையில் இல்லாதது அவர்களுக்கு நஷ்டம். சபைச் செயலாளர் ஒருவர் இருக்கிறார், வேலையும் ஒரு ஆராதனைதானே பிரதர், நீங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறீர்கள் என்று எனக்கே புத்தி சொன்னார். அவர் வேலை செய்கிற ஆபீஸில் வாரத்துக்கு எத்தனை நாள் ஆராதனை நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். சபையில் பாட்டு ஆரம்பித்தால் டிரம்ஸ் அடிக்கிற அடியில் ஜெபம் காதில் விழாது. விழுந்தாலும் ஒன்றும் மோசம் போய்விடாது, எல்லாம் விசா கிடைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்பதுதான்.

எல்லா சாமியும் ஒன்றுதானே என்று சொல்லிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்கள் தனி ரகம். ஒன்றுதான் என்பார்கள், அடுத்த வாயில் நீங்கள் எப்போது மாறினீர்கள் என்று கேட்பார்கள். என் தாத்தாவின் அப்பா காலத்தில் என்று சொன்னால் விடமாட்டார்கள், அதற்கு முன்னால் என்ன என்று வருவார்கள். சாமியெல்லாம் ஒன்றாம், எனக்கு மட்டும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று.

பூஜை போட்ட பொரி, சுண்டல், கோயில் பிரசாதம் எதுவும் நான் வாங்குவதில்லை. படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆரம்பத்தில் பக்குவமாக மறுத்துக்கொண்டிருந்தேன். போகப் போக மறுப்பதில் ஒரு ருசி வந்துவிட்டது. தட்டு என் பக்கம் வரும்போதே கையைத் தூக்கி நிறுத்திவிடுவேன். பிறகு தட்டும் வருவதில்லை. நம்ப ஆள் வாங்க மாட்டார் என்று அவர்களே என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரி ஒருநாள் சொன்னாள், "உங்களுக்கு ஆண்டவர் மேல இருக்கிற பக்தியவிட ஊரு மேல இருக்கிற எளக்காரந்தான் ஜாஸ்தி." இரண்டும் ஒன்றாக இருந்தால் என்ன தப்பு என்று கேட்டேன். அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். பின்னால் எனக்குத் தெரிந்ததை முன்னாலேயே சொல்லிவிட்டால் கேட்கிறவர்களுக்குச் சுலபம்.

பெரணமல்லூரிலிருந்து ஒரு அம்மாள். புருஷன் இல்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்த்து ஒரே மகனை ஆளாக்கினவர்கள். மகனுக்கு முள்ளிப்பட்டில் பெண் எடுக்கிறார்கள். பெண் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, பெண்ணும் தறியில் உட்காருகிறவள். இந்த அம்மாளுடைய வீட்டில் தறியைப் பார்த்தே ஒரு தலைமுறை ஆகிவிட்டது. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது முறை. நெசவு வீடு என்றாலும் அந்தத் தறியில் இருக்கிற புடவை அவர்களுடையது கிடையாது, பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொன்ன முதலாளியுடையது. ஆகவே அவர்களுக்கும் கடைப் புடவைதான்.

அந்த அம்மாள் முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, தனியாக எங்கள் கடைக்கு வந்திருக்கிறார்கள். தன் கைக்கு எட்டுகிற மாதிரி மாம்பழக் கலரில் ஒரு புடவை பார்த்து வைத்திருக்கிறார்கள். பட்டு என்னவோ பட்டுதான், ஆனால் பவர்லூம். முதலாளியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள், நாளைக்குப் பெண் வீட்டாரை அழைத்து வருகிறேன், அவர்கள் முன்னால் இதைக் கைத்தறி என்று சொல்ல வேண்டும், தறிக்காரங்க வீட்டுப் பெண்ணுக்கு மெஷின் புடவை எடுத்தேன் என்றால் என் மகனுக்கு அங்கே மரியாதை இருக்காது என்று. முதலாளி, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவங்களே சொல்லியிருக்காங்கம்மா, நீங்க தைரியமா போங்க என்று அனுப்பியிருக்கிறார். போகிறவர்களிடம் வழக்க தோஷத்தில், நம்ப கடையில் ஒரு கிறிஸ்டியன் இருக்கிறார், பொய் சொல்ல மாட்டார், அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பதையும் சொல்லித் தொலைத்திருக்கிறார். கடையில் எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லி வைத்தார். எனக்கு மட்டும் தெரியாது. நான் சர்ச்சில் உட்கார்ந்து, டிரம்ஸ் அடிக்கிறவனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் வந்தார்கள். அந்த அம்மாள், பெண், பெண்ணின் அப்பா அம்மா. தாயார் தலையில் அடிக்கிற சேல்ஸ்மேன்தான் காட்டினார். நாலைந்து புடவையைப் பேருக்கு விரித்துவிட்டு மாம்பழக் கலரை எடுத்தார். சுத்தக் கைத்தறி என்று ஆரம்பித்தார். நான் அப்போதே எழுந்திருக்க வேண்டும், ஆனால் என் மெத்தையில் கலைந்து கிடந்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். பெண் புடவையின் ஓரத்தைத் தொட்டாள். முந்தி சேருகிற இடத்தைத் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா, "கலர் நல்லா இருக்குது. இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அந்த அம்மாளுக்கு மனது ஆறவில்லை. பயந்தவர்கள் பூட்டின கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அப்படித்தான். தன் மகனுடைய மரியாதைக்கு இன்னொரு பூட்டுப் போட நினைத்து, என் பக்கம் கையை நீட்டினார்கள்.

"அந்த கிறிஸ்டியன் அண்ணன் பொய் சொல்ல மாட்டாருன்றாங்க. அவரே பாத்துச் சொல்லட்டும். எனக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கு யாரும் ஒரு பேச்சு பேசிடக் கூடாது பாருங்க."

நானும் ஏற்பாட்டில் ஒரு ஆள் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். பக்கத்து சேல்ஸ்மேன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழைக் கிராமத்துக்காரர்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள், அதற்கு அம்மிக்கல் நான் என்று நினைத்தேன். பல வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த சந்தர்ப்பம் அது. எழுந்து போனேன். புடவையை வாங்கி, திருப்பி, அவசரமே இல்லாமல் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, தூரத்திலிருந்தே தெரிந்திருந்தது. ஒரு நல்ல காரியத்தைச் செய்யப்போகிறவன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வான்.

"இது பவர்லூமும்மா. கைத்தறி இல்ல."

சொல்லிவிட்டு முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அந்த அம்மாளை நான் பார்க்கவே இல்லை.

பெண்ணின் அப்பா மெத்தையிலிருந்து கையை ஊன்றி மெதுவாக எழுந்தார். அப்போதுதான் திரும்பினேன். அந்த அம்மாள் புடவையின் மேல் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் யாரையும் பார்க்கவில்லை.

பெண்ணின் அம்மா அடுக்கில் வேறு புடவை பார்க்கிற மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றார்கள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்கள். "தறிக்காரங்களுக்குத் தெரியாதா இது? விரிச்சப்பவே தெரியும். பாவம், ஆசையா எடுத்துத் தராங்கன்னு வாய மூடிகினு இருந்தோம். நீங்க சொல்லிட்டீங்க. இனிமே எங்களுக்குத் தெரியாதுன்னு நாங்க எப்பிடி உக்காந்துகினு இருக்கறது?"

அந்தக் கடையில் அந்தப் புடவையைப் பற்றித் தெரியாதவர்கள் யாருமே இல்லை. விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியும், கட்டப்போகிறவளுக்கும் தெரியும். நான் யாருக்கு உண்மையைச் சொன்னேன்?

இதற்குள் முதலாளி கல்லாவை விட்டு ஓடி வந்துவிட்டார். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டு வந்தார், அதுதான் அவருடைய சாமர்த்தியம். "உக்காருங்க, உக்காருங்க. இவரு பேச்ச ஒரு பேச்சுன்னு எடுத்துகினு. நேத்து இவரு லீவு. இது நேத்து வந்த சரக்கு, இவரு கண்ணாலயே பாக்கல. கலர பாத்துட்டு இதே கலர்ல இருக்கற பவர்லூம் பீசுன்னு நெனச்சிக்கினாரு. பைபிளு கேளுங்க, கரெக்டா சொல்லுவாரு. பட்டு வெசயத்துல கொஞ்சம் அப்பிடி இப்பிடி." பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்பிடித்தானேப்பா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாளும் அப்போதுதான் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கில் தயாராகவே இருந்தது. என் அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அல்லது சொல்லியிருக்க மாட்டாரோ, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நான் குனிந்து புடவையை மடிக்க ஆரம்பித்தேன். முந்தியை உள்ளே விட்டு, ஜரிகை மடங்காமல், பெட்டியில் வைக்கிற மடிப்பாகவே மடித்து அந்த அம்மாளின் முன்னால் வைத்தேன். வாய் திறக்கவில்லை. பேசாமல் நின்றாலே போதும் என்று முதலாளி எப்போதோ சொல்லிக் கொடுத்த பாடத்தை இவ்வளவு நன்றாகக் கற்றிருப்பேன் என்று நானே நினைக்கவில்லை.

"அதானே பாத்தேன். தொட்டாலே தெரியுதே கைத்தறின்னு" என்று சொல்லிக்கொண்டே பெண்ணின் அப்பா மறுபடியும் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர் சொன்ன பொய் அது. சுத்தமான கைவேலை, ஒரு பிசிறு இல்லை. எல்லாருக்கும் டீ வந்தது.

அவர்கள் போன பிறகு முதலாளி என்னைத் திட்டவில்லை. முந்தின நாள் நடந்ததை அப்போதுதான் சொன்னார். "ஒரு நாள் சர்ச்சுக்குப் போவாம இங்க வந்திருந்தீன்னா இந்த பேஜாரே இல்ல" என்றார். சாமி இல்லாதவரின் வாயிலிருந்து நியாயம் வருகிற மாதிரி கேவலம் ஒரு விசுவாசிக்கு வேறு இல்லை. அவர் அந்த அம்மாளுக்காக மனம் இரங்கினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு புடவை விற்க வேண்டும், விற்றார். ஆனாலும் அந்த அம்மாளை அங்கிருந்து தலை நிமிர்ந்து அனுப்பி வைத்தது அவருடைய புளுகுதான், என்னுடைய உண்மை இல்லை. இது எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரைத் தனியாகப் பிடித்தேன். பெயர் ஊர் இல்லாமல் விஷயத்தைச் சொல்லி, பேசாமல் இருந்தது பொய்யா, முதலில் பேசியது பாவமா என்று கேட்டேன். அவர் போனில் விரலைத் தள்ளிக்கொண்டே கேட்டார். எல்லாம் கிருபை பிரதர் என்றார். பிறகு, சந்தையில் சத்தியத்துக்குச் சாட்சியாக நின்றதைப் பற்றி மாதக் கடைசியில் சபைக்கு முன்னால் சாட்சி சொல்லுங்களேன், வாலிபர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றார். முதல் பாதியை மட்டும் சொன்னால் போதுமாம். எங்கள் முதலாளி சபை நடத்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டம் வந்திருக்கும், வேறு வித்தியாசம் இருந்திருக்காது.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, கூட்டம் இல்லாத ஒரு மத்தியானத்தில், அந்த அம்மாள் கடைக்கு வந்தார்கள். இரண்டு கையிலும் மஞ்சள் பைகள். கல்யாணத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கொடுக்கிற தாம்பூலப் பை, உள்ளே ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு லட்டு. புடவையில் பெண் லட்சணமாக இருந்தாள், பார்த்தவர்கள் எல்லாரும் எந்தக் கடை என்று கேட்டார்கள் என்று முதலாளியிடம் சொன்னார்கள். முதலாளிக்கு ஒரு பை. கண்ணைச் சிமிட்டிய சேல்ஸ்மேனுக்கு ஒன்று, அவருடைய தாயாருக்கும் சேர்த்து இன்னொன்று. பில் போடுகிற பெண்ணுக்கு, கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு. ஒவ்வொருவரிடமும் நின்று இரண்டு வார்த்தை பேசிக் கொடுத்தார்கள்.

என் மெத்தைக்கு முன்னால் வந்தபோது கையில் ஒரு பைதான் மிச்சம். அதை நீட்டப் போனவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். முகத்தில் கோபம் இல்லை. சங்கடம்தான், ஐயரிடம் கறிக்குழம்பை நீட்டிவிட்ட மாதிரி.

"நீங்க இதெல்லாம் வாங்க மாட்டீங்கன்னு சொன்னாங்க" என்றார்கள்.

அது படையல் இல்லை, பிரசாதம் இல்லை. ஒரு தாய் தன் மகன் கல்யாணத்துக்குக் கொடுக்கிற தேங்காய். எந்த வேதமும் அதைத் தடுக்கவில்லை. அந்தப் பை எனக்கு வேண்டும் என்று இருந்தது, அந்தக் கடையில் வேறு எதையும் அப்படி நான் விரும்பியதில்லை. கடை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லாத ஆள் என்ன சொல்லுவான் என்று அவர்களுக்கு முன்னாலேயே தெரியும்.

"ஆமாங்க. வாங்க மாட்டேன்" என்றேன்.

அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, பையை இடுக்கிக்கொண்டு, வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கமாகப் போனார்கள். அந்தக் கடையில் நான் வாய் திறந்து சொன்ன முதல் பொய் அதுதான்.